தாழ்ப்பாள் திருப்பணி

2007 ஆகஸ்ட் முதல் ஞாயிறு, காலை ஒன்பதே கால் மணி. வீட்டுவேலை என்னும் சிறையிலிருந்து மனிதகுலம் விடுதலையடையத் தொடங்கிய நேரம் அது. இடம், புதுச்சேரி முத்தியால்பேட்டை. வரலாற்றாசிரியர்கள் இதைக் குறித்துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை.

ஆகவே நான் குறித்துவைக்கிறேன். ‘ஞாயிறு நேயர் வட்டம்’ என்னும் இணைய மடற்குழுவின் செயலாளர் என்ற முறையில் அது என் கடமை. பெயர் மதிவாணன். வாரநாட்களில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. வட்டத்தில் கேட்கிறார்கள்.

வட்டம் எளிமையாகத்தான் தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் இழை திறக்கப்படும். ‘இந்த வாரக்கடைசியில் என்ன செய்யப்போகிறீர்கள்?’ ஒருவர் குக்கரில் மணல் பரப்பி கேக் சுடுவதாக எழுதுவார். ஒருவர் கள்ளிச்செடிக்குத் தொட்டி மாற்றுவதாக எழுதுவார். ஒருவர் துணி மடிப்பதாக எழுதுவார். மற்றவர்கள் ‘வாழ்த்துகள்’ என்பார்கள். உலகத்தில் துணி மடித்ததற்காக வாழ்த்துப் பெற்ற முதல் தலைமுறை நாங்கள்.

பிறகு விஜயராகவனின் மடல் வந்தது.

விஜயராகவன் முத்தியால்பேட்டைக்காரர். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். பாரிஸ் பக்கத்து விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். அவர் எழுதினார்: ‘இன்று என் வீட்டு ஜன்னலைத் துடைத்தேன். அம்மா வீட்டு ஜன்னல் நினைவுக்கு வந்தது. அதை யார் துடைப்பார்கள்?’

குழுவே அழுதது. அழுகைக்கென்று இருக்கும் சின்ன மஞ்சள் முகங்கள் திரை முழுக்க நின்றன. தலைவர் அன்பழகன் உடனே பதில் போட்டார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். தேநீர் கேட்டாலும் ஒலிபெருக்கி முன் நின்று கேட்பது போலக் கேட்பார். ‘நாங்கள் துடைக்கிறோம், நண்பரே. ஆனால் துடைத்தவர் நீங்கள்தான்.’

வட்டத்தின் கொள்கை இப்படித்தான் பிறந்தது: எண்ணியவரே செய்தவர்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ‘இதயங்கள்’. உள்ளூரில் இருப்பவர்கள் ‘கரங்கள்’. சனிக்கிழமை இதயம் ஒரு வேலையை எண்ணும். ஞாயிற்றுக்கிழமை கரங்கள் அதை இதயத்தின் பெற்றோர் வீட்டில் போய்ச் செய்யும். மதியத்துக்குள் படம் ஏறும். படத்தின் கீழே விஜயராகவன் பிரெஞ்சு நன்றியோடு எழுதுவார்: ‘இன்று அம்மா வீட்டு ஜன்னல் துடைத்தேன். இடுப்பு வலிக்கிறது. மெர்சி, கரங்களே.’

‘ஓய்வெடுங்கள்’ என்று பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து ஒருவர் அக்கறையோடு எழுதுவார்.

கரங்கள் நான்கு பேர். தலைவர் அன்பழகன். தணிகாசலம், இவரிடம் ஏணி இருந்தது. உயரம் என்றால் பயம் என்பதால் ஏணியைப் பிடித்துக்கொள்வார். பூர்ணிமா, தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. அவரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது. கேமரா இல்லாமல் எந்த வேலையும் நடந்ததாகாது. நான்காவது நான்.

எனக்கும் அம்மா இருக்கிறார். சேதராப்பட்டில், தனியாக. பேருந்தில் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் விதிப்படி ஒரு கரம் இதயமாக இருக்க முடியாது. உள்ளூரில் இருப்பவன் எண்ணக் கூடாது, செய்ய மட்டுமே வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான். மீறுவதற்கு மனம் வரவில்லை.

விஜயராகவனின் அம்மா ராஜாம்பாள். மில்லில் நூற்பு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவர். அவர் ‘உக்காருங்க’ என்றால் தெருவில் போகிறவர்களும் உட்கார இடம் தேடுவார்கள். வீடு ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. முன்னால் கூடம், பிறகு ஓர் அறை, சமையலறை, முற்றம். முற்றத்தின் கடைசியில் தகரக் கதவு போட்ட குளியலறை.

முதன்முதலாக ஒரு ஞாயிறு நாங்கள் போய் நின்றபோது அவர் கேட்டார்:

“யாரு நீங்கள்லாம்?”

“விஜயராகவனோட ஃப்ரெண்ட்ஸும்மா” என்றார் அன்பழகன்.

“எந்த ஸ்கூலு?”

“ஸ்கூல் இல்லம்மா. நெட்டுல.”

“அவன நேர்ல பாத்துருக்கீங்களா?”

“பாத்ததில்ல. ஆனா மனசால நல்லா தெரியும்.”

“நான் பெத்துருக்கேன். எனக்கே தெரியல. உக்காருங்க.”

உட்கார்ந்தோம். ஜன்னலைத் துடைத்தோம். யாரோ வருகிறார்கள் என்று மகன் போனில் சொல்லியிருந்ததால் அவர் காலையிலேயே ஜன்னலைத் துடைத்துவைத்திருந்தார். அதனால் பணி விரைவில் முடிந்தது. பிறகு இட்லியும் வீராம்பட்டினத்து மீன் குழம்பும் போட்டார். சாப்பிடும்போது ஒவ்வொருவரிடமும் அம்மா இருக்கிறாரா என்று விசாரித்தார். நான் சேதராப்பட்டைச் சொன்னேன். “தோ இருக்குது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கை கழுவும்போது ஒரு விண்ணப்பம் வைத்தார்.

“வந்தது வந்தீங்க. அந்த பாத்ரூம் கதவு தாப்பா கெட்டுக் கெடக்கு. போட்டா மாட்டிக்குது, தெறக்க மாட்டங்குது. ஒருநா உள்ளயே கெடக்கப் போறேன். அத கொஞ்சம் பாருங்க.”

“கண்டிப்பாம்மா” என்றார் அன்பழகன். “உங்க மகன்கிட்ட சொல்லி எண்ணச் சொல்றோம்.”

“அவன் என்னாத்த எண்றது? நீதான் கண்ணால பாக்குறியே.”

“முறைன்னு ஒண்ணு இருக்கும்மா.”

முறை என்பது இலேசானதல்ல. விஜயராகவன் தயங்கினார். குளியலறைத் தாழ்ப்பாள் படத்தில் நன்றாக விழாது என்று அவர் கருதினார். அடுத்த ஞாயிறு, கூடத்தில் மாட்டியிருந்த தன் படத்தின் கண்ணாடியைத் துடைக்க எண்ணினார். துடைத்தோம். அதற்கடுத்த ஞாயிறு குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர். ஊற்றினோம், மழையில் நனைந்துகொண்டே. பிறகு வாசலில் கோலம். ராஜாம்பாள் ஏற்கெனவே போட்டிருந்த கோலத்தை அழித்துவிட்டுப் பூர்ணிமா போட்டார். அழிப்பதற்கும் ராஜாம்பாளே தண்ணீர் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் குழம்பு போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் தாழ்ப்பாளைக் கேட்டார்.

“இன்னிக்கும் இல்லியா?”

“பரிசீலனையில இருக்கும்மா.”

“நான் உள்ள கெடந்து செத்தா என்னா பரிசீலன பண்ணுவீங்க?”

“அப்பிடில்லாம் சொல்லக் கூடாதும்மா” என்றார் தணிகாசலம், மனம் வருந்தி. இன்னொரு இட்லி கேட்டார்.

மக்களின் குரலுக்கு வட்டம் செவிசாய்த்தது. ‘தாழ்ப்பாள்: சில சிந்தனைகள்’ என்ற இழை திறக்கப்பட்டது. பித்தளையா, எஃகா என்று தொடங்கியது. ஒரு தாய்க்குத் தாழ்ப்பாள் கொடுப்பது பெண்ணைப் பூட்டிவைக்கும் மனப்பான்மை அல்லவா என்று ரெயூனியன் தீவிலிருந்து ஒருவர் கேட்டார். உள்பக்கத் தாழ்ப்பாள்தான் என்று விளக்கம் அளிக்கப்பட்டது. அவர் ஏற்கவில்லை. தன் ஆதரவாளர்களுடன் வெளியேறி ‘சனி நேயர் வட்டம்’ தொடங்கினார். எஞ்சியவர்கள் வாக்களித்தோம். பித்தளை வென்றது. விஜயராகவன் முறைப்படி எண்ணினார்.

இப்படித்தான் அந்த ஆகஸ்ட் ஞாயிறு வந்தது.

தணிகாசலம் தாழ்ப்பாளைச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். திருப்புளி வரவில்லை. அதைக் கொண்டுவர வேண்டியவர் யார் என்று தீர்மானத்தில் குறிப்பிடவில்லை.

தெருக்கதவு எங்களுக்காகத் திறந்திருந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் இட்லியும் குழம்பும் மூடிவைத்திருந்தன. ராஜாம்பாளைக் காணோம். முற்றத்துப் பக்கமிருந்து ஏதோ சத்தம் வந்தது.

“பாத்ரூம்ல இருக்காங்க போல” என்றார் பூர்ணிமா. “கதவத் தட்டுற மாதிரி இருக்கு சார்.”

“துணி தொவைக்கிறாங்க” என்றார் அன்பழகன்.

“கத்துறாங்க சார்.”

“மில்லுல வேல பாத்தவங்கம்மா. பேசுறதே அப்பிடித்தான்.”

“யார்கிட்ட சார் பேசுறாங்க?”

தலைவர் யோசித்தார். “தனியா இருக்கறவங்க தனக்குத்தானே பேசிக்குவாங்க. இத பத்தி ஒரு இழையே போடலாம். மதி, குறிச்சுக்குங்க.”

குறித்துக்கொண்டேன்.

“நான் போயி என்னான்னு பாக்கட்டா?” என்றார் பூர்ணிமா.

“குளிக்கிறவங்கள போயிப் பாக்குறதா? நாலு பேரு வந்து நிக்கிறோம்னு தெரிஞ்சா அவங்களுக்கு எவ்ளோ சங்கடம்.”

‘பெற்றோரின் அந்தரங்கத்தை மதித்தல்’ என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பெண்மணி குளிக்கும் ஓசை அந்நியர் காதில் விழுவது முறையல்ல என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். இந்த அறிக்கையில் என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

பூர்ணிமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக் கதவு வரை போய் “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டு வந்தார். வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது.

“டிவி சத்தத்துல ஒண்ணும் புரியல சார். தாப்பா, தாப்பான்னு மட்டும் கேக்குது.”

நாங்கள் நெகிழ்ந்துபோனோம். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எவ்ளோ ஆசை பாருங்க” என்றார் அன்பழகன். “வந்துடுச்சுன்னு சொல்லுங்க.”

பூர்ணிமா திரும்பப் போய் உரக்கச் சொன்னார்: “வந்துடுச்சு ஆன்ட்டி.”

ஒரு கணம் அமைதி. பிறகு தட்டும் சத்தம் முன்னிலும் பலமாக எழுந்தது. நாங்கள் அதைக் கைத்தட்டலாக எடுத்துக்கொண்டோம்.

காத்திருந்தோம். குளியல் முடியவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சமைத்தவரின் உழைப்பு வீணாகக் கூடாது என்று தணிகாசலம் கருதினார். சாப்பிட்டோம். சாப்பிட்ட தட்டுகளை நாங்களே கழுவினோம். நிகழ்ச்சிநிரலில் இல்லாத வேலை அது. பூர்ணிமா அதையும் படமெடுத்தார்.

அடுத்து ஒரு கொள்கைச் சிக்கல் எழுந்தது. குளியலறையில் ஆள் இருக்கும்போது குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட முடியாது. போடாமல் படம் ஏற்றலாமா?

“எண்ணியவரே செய்தவர்” என்றார் அன்பழகன். “அப்பிடின்னா எண்ணினதே செஞ்சதுதான். விஜயராகவன் எண்ணிட்டாரு. வேல முடிஞ்சது.”

இவ்வளவு தெளிவாக எங்கள் கொள்கையை யாரும் அதுவரை விளக்கியதில்லை. மனிதகுலத்தின் விடுதலை என்று தொடக்கத்தில் நான் சொன்னது இந்தக் கணத்தைத்தான். ஒன்பதே காலுக்கு உள்ளே நுழைந்தோம். வெளியே வரும்போது வீட்டுவேலை என்று உலகத்தில் ஒன்று இல்லை.

தாழ்ப்பாளை விஜயராகவனின் படத்துக்கு முன்னால் வைத்துப் படமெடுத்தோம். அங்கேயே வைத்துவிட்டோம், குளித்துவிட்டு வந்து பார்த்து மகிழட்டும் என்று. கிளம்பும்போது தெருக்கதவை இழுத்துச் சாத்தினோம். தனியாக இருக்கும் பெண்மணி, பாதுகாப்பு முக்கியம்.

பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் படத்தை ஏற்றினோம். சிறிது நேரத்தில் விஜயராகவன் எழுதினார்: ‘இன்று அம்மா வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். திருப்புளி பிடித்து உள்ளங்கை கன்றிவிட்டது. இனி அம்மா நிம்மதியாகக் குளிப்பார். மெர்சி, கரங்களே.’

‘கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்’ என்றார் லியோன்காரர்.

‘படத்தில் அம்மா இல்லையே?’ என்று ஒரு புது உறுப்பினர் கேட்டார். அனுபவமில்லாதவர். ‘அம்மா குளித்துக்கொண்டிருந்தார்’ என்று செயலாளர் என்ற முறையில் நான் பதிலளித்தேன். அந்தப் பதிலைப் பலர் பாராட்டினார்கள்.

அந்த ஆண்டின் சிறந்த வாரக்கடைசிப் பணியாக அது அந்த வாரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறப்பு மலருக்கு அம்மாவும் தாழ்ப்பாளும் சேர்ந்து நிற்கும் படம் தேவைப்பட்டது. மறு ஞாயிறு பூர்ணிமாவின் கேமராவை வாங்கிக்கொண்டு நான் மட்டும் போனேன்.

“வாப்பா” என்றார் ராஜாம்பாள். “நீ ஒருத்தன்தானா? இன்னிக்கி ஒண்ணும் வைக்கல.”

குரல் கம்மியிருந்தது. முதன்முறையாக அவர் பேசியது அந்த அறைக்குள் மட்டும் கேட்டது. வலது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். நெற்றியில் ஒரு கீறல்.

“கையில என்னம்மா?”

“தகரம் கிழிச்சிடுச்சி.”

முற்றத்துக்கு அழைத்துப்போனார். குளியலறைக் கதவின் கீழ்ப்பாதித் தகரம் வெளிப்பக்கமாக வளைந்து பிய்ந்திருந்தது. ஓர் ஆள் தவழ்ந்து வரலாம். காற்றோட்டம் முன்பைவிட நன்றாக இருந்தது. வாசல்படியில் நசுங்கிய ஒரு பித்தளைச் சொம்பு கிடந்தது.

“அதாலதான் இடிச்சேன். நீங்க சாப்புட்டுட்டுப் போயி, டிவியில படமும் முடிஞ்சிபோச்சி. அதுக்கப்பறந்தான் வெளிய வந்தேன்.”

நான் கேமராவைப் பார்த்துக்கொண்டேன்.

“அந்தப் பொண்ணு ‘வந்துடுச்சி’ன்னு சொல்லிச்சி. சரி, ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொம்பக் கீழ வெச்சிட்டேன். அப்பறம் ஒருத்தரையும் காணும். திரும்பவும் இடிச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சி தட்டு கழுவுற சத்தம் கேக்குது.”

“எங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க எப்பவுமே சத்தமாத்தான்...”

“மில்லுல நாலு பக்கமும் மிஷினு ஓடும். யாருக்கானா கை மாட்டிக்கினா ஒரு கத்து கத்துவாங்க. அது என்னா கத்துன்னு யாரும் கேட்டுக்கினு நிக்க மாட்டாங்க. மிஷின நிறுத்திட்டு ஓடியாருவாங்க.” அவர் சொம்பை எடுத்து மேலே வைத்தார். “நீ டிவிய கூட்டி வெச்ச.”

“நான்தான்னு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது. சும்மா சொன்னேன்.”

பேச்சை மாற்றுவது நல்லதென்று பட்டது. “விஜயராகவன்கிட்ட சொன்னீங்களாம்மா?”

“போன் பண்ணான். தாப்பா எப்பிடிம்மா இருக்குதுன்னான். நல்லா இருக்குதுடான்னேன். கை வலிக்குதும்மான்னான். எண்ண தடவுடான்னேன்.” வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைக் காலால் உள்ளே தள்ளினார். “மத்த நாள்ல நான் தாப்பா போடுறதே இல்ல தம்பி. ஊட்ல யாரு இருக்கா, சும்மா சாத்திட்டுக் குளிப்பேன். ஞாயித்துக்கிழம நீங்க வர்றீங்களேன்னுதான் போட்டேன்.”

ஒரு சேவை எவ்வளவு ஆழமாகச் சென்று சேர்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சிறப்பாக ஒருவர் சொல்ல முடியாது. சிறப்பு மலரில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

“ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா? தாப்பாவ கையில புடிச்சிக்கினு நின்னா போதும்.”

உள்ளே போய்த் தாழ்ப்பாளை எடுத்துவந்தார். ரிப்பன் அவிழ்க்கப்படவில்லை. அதை என் கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

“நீயே எடுத்துக்கினு போ. நான் ஒரு பழைய பொடவய கட்டித் தொங்க உட்டுக்கறேன்.”

“எனக்கு எதுக்கும்மா?”

“உங்கம்மா சேதராப்பட்டுல தனியாத்தான இருக்காங்க?”

“ஆமாம்மா.”

“கடசியா எப்ப போன?”

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வே இருப்பதில்லை என்பதையும் கரங்களுக்கான விதிகளையும் சுருக்கமாக எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அவங்க ஊட்டு பாத்ரூம் கதவு உள்ளேருந்து தெறக்குதா, தம்பி?”